கொன்றையேந்தலில் தூக்குக்குண்டு சாய்ந்த வரலாறு

2016ஆம் ஆண்டு ஆவணி மாதம் இரண்டாவது சனிக்கிழமை காலையிலிருந்து கொன்றையேந்தலில் தூக்குக்குண்டு நேராகத் தொங்குவதில்லை. ஆறடி நூலில் கட்டிச் சுவரோரம் விட்டால் மூன்று விரற்கடை வடக்கே சாய்ந்து நிற்கும். காற்றில் ஆடுவது வேறு; இது ஆடாது. யாரோ பேசுவதைக் காது கொடுத்துக் கேட்பது போல அப்படியே நிற்கும். வடக்கே என்று சொல்வதும் முழுச் சரியில்லை. சரியாகச் சொன்னால் அது வெள்ளையம்மாள் இருக்கிற பக்கம் சாயும். அவள் குடிசை ஊருக்கு வடக்கே கண்மாய்க் கரையை ஒட்டி இருந்தது, அவ்வளவுதான். அந்த ஊரில் தொங்குகிற எல்லாமே சாய்ந்தது என்று பக்கத்து ஊர்க்காரர்கள் கதை கட்டினார்கள். அது பொய். தொட்டில், வாழைத்தார், தூக்குவாளி, பள்ளிக்கூடத்து மணி எல்லாம் ஒழுங்காக நேராகத்தான் தொங்கின. அளந்து பார்க்க வேண்டும் என்று தொங்கவிட்டால் மட்டும் சாய்ந்தது. ஒரு கல்லை நூலில் கட்டிச் சும்மா பிடித்தால் நேர். அதே கல்லைச் சுவர் பார்க்கப் பிடித்தால் மூன்று விரற்கடை.

கொன்றையேந்தல் தொண்டிக்கு மேற்கே பதின்மூன்று கிலோமீட்டர். நூற்றுப் பத்துத் தலைக்கட்டு, ஒரு கண்மாய், பதினான்கு கிணறு. மழை பெய்தால் நெல், பெய்யாவிட்டால் குண்டு மிளகாய், அதுவும் பொய்த்தால் சீமைக்கருவேலம் வெட்டிக் கரிமூட்டம். பதினான்கு கிணற்றில் பதின்மூன்று உப்பு. பதினான்காவது மூக்கையாவுடையது, அவருடைய முக்கால் ஏக்கர் மிளகாய்க் கொல்லையில் இருந்தது. அதன் தண்ணீரில் பருப்பு நாலு கொதியில் வெந்துவிடும். மூக்கையா 2016 ஆனியில் செத்துப்போனார். பிள்ளைகள் இல்லை. கொல்லையும் கிணறும் மனைவி வெள்ளையம்மாளுக்கு வந்தன. பத்திரம் என்று ஒன்றும் கிடையாது. அந்தப் பக்கத்தில் பாதி நிலம் செத்துப்போன பாட்டன் பெயரிலேயே இருக்கும். கொடுத்ததும் மாற்றியதும் எல்லாம் வாய்ப்பேச்சில். வாய்ப்பேச்சில் தகராறு வந்தால் முனீஸ்வரர் கோயில் முன்னால் சூடத்தை ஏற்றி, கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும். அணைத்தவன் சொன்னது ஊருக்குப் பத்திரம். பொய்யாக அணைத்தவனை முனி ஒரு வருஷத்துக்குள் பார்த்துக்கொள்வார் என்பது ஊரின் நம்பிக்கை. அவர் பார்த்துக்கொண்டதற்கு இரண்டு மூன்று குடும்பத்தில் சாட்சியும் உண்டு.

ஊர்த் தலைவரை அங்கே அம்பலம் என்பார்கள். அப்போது அம்பலம் காளிராஜ். அந்தப் பட்டம் நாலு தலைமுறையாக அவர் வீட்டில் இருந்தது. கெட்டவர் என்று சொல்ல முடியாது. அன்னதானத்துக்கு முதல் மூட்டை அவருடையதுதான். கொடுத்ததை மறக்க மாட்டார், எடுத்ததைத்தான் மறந்துவிடுவார். அவர் புதிதாக வைத்த நூறு தென்னங்கன்றும் உப்புத் தண்ணீர் குடித்து நுனி கருகிக்கொண்டிருந்தன. மூக்கையாவுக்குக் காரியம் முடிந்த பதினாறாம் நாள் அவர் ஒரு செய்தியைச் சொன்னார். மூக்கையா சாவதற்கு முந்தின மாதம் அந்தக் கொல்லையைத் அம்பலத்தின் கருவேலங்காட்டுக்கு மாற்றாகத் தருவதாக வாய்ப்பேச்சில் ஒப்புக்கொண்டாராம். அப்போது கிணற்றுத் திட்டு பூசிக்கொண்டிருந்த கொத்தனார் கூத்தையா அதைக் கேட்டார் என்பது அந்தச் செய்தி. கூத்தையா கேட்டது உண்மை. ஆனால் கேட்டது வேறு.

கூத்தையாவுக்கு அப்போது நாற்பத்தெட்டு வயது. பெண்டாட்டி இறந்து, மகள் ஜோதிகாவைப் பரமக்குடியில் கட்டிக்கொடுத்துவிட்டுத் தனி ஆளாகச் சோறு பொங்கித் தின்றுகொண்டிருந்தார். முனி கோயிலைப் பிரித்துக் கருங்கல்லில் கட்டும் வேலை அந்த வருஷம்தான் தொடங்கியது. அதையும் தன் மாடி வீட்டு வேலையையும் அவருக்கே தருவதாக அம்பலம் சொல்லியிருந்தார். இருந்தாலும் சூடம் அணைக்கக் கூத்தையா பயந்தார். முனியின் பயம் இல்லாத கொத்தனார் அந்த வட்டாரத்தில் கிடையாது, சாரத்தில் ஏறுகிறவர்கள் அல்லவா. அம்பலம் அவரைக் கூட்டிக்கொண்டு போய்ப் பிரித்துப் போட்ட கோயிலைக் காட்டினார்.

“நல்லாப் பாருடா. சாமி இப்ப இங்கன இல்ல. செம்புல ஏத்தித் தகரக் கொட்டாயில வச்சாச்சு. இது வெறும் கல்லு. காலி வீட்டு வாசல்ல சூடத்த அணைச்சா எந்தச் சாமிக்குத் தெரியப்போகுது?”

இதில் நியாயம் இல்லாமல் இல்லை. கோயிலைப் பிரிக்கும்போது சாமியின் சக்தியை ஒரு செம்பில் இறக்கி வேறிடத்தில் வைத்துப் பூசை செய்வது வழக்கம். சிலைக்கும் செம்புக்கும் நடுவே ஒரு நூலைக் கட்டி மந்திரம் சொன்னால் சக்தி நூல் வழியே செம்புக்குப் போகும். சத்தியத்துக்கு மூன்று நாள் முன்னால் இதை வெளியூர் ஐயர் வந்து செய்து வைத்தார். அன்றைக்கு ஒரு சிறு குறை நடந்தது. பூசாரி எல்லாச் சாமானும் வாங்கி வந்தவர் நூலை மறந்துவிட்டார். நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது. நூல் நூல்தானே என்று ஐயர் சொல்ல, கூத்தையாவின் தூக்குக்குண்டு நூலை அவிழ்த்து மஞ்சள் தடவிக் கட்டினார்கள். சடங்கு முடிந்ததும் கூத்தையா அதை அவிழ்த்துக் குண்டில் சுற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டார். முனி நூலில் ஏறினார் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. அந்தப் பக்கம் இறங்கினாரா என்று அன்றைக்கு யாரும் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை ஊர் கூடியது. காலிக் கோயிலின் வாசலில் கூத்தையா சூடத்தை அணைத்தார். சுடவில்லை. வழக்கப்படி வெள்ளையம்மாள் ஊர்க் கூட்டத்தின் காலில் விழுந்து தீர்ப்பை ஏற்க வேண்டும். அவள் விழவில்லை. காலி வீட்டில் யாரிடம் சத்தியம் செய்தார்கள் என்று மட்டும் கேட்டாள். அது எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். ஆனால் கூட்டத்தில் சொல்லக்கூடிய விஷயமில்லை. சத்தியத்தை எதிர்த்தவள் என்று ஊர் அவளைத் தள்ளி வைத்தது. அடிக்கவில்லை, வையவில்லை. அவளோடு யாரும் பேசக் கூடாது என்பது ஊர்க் கட்டு, அவ்வளவுதான். கிணறு போய்விட்டது, மாற்றுக் காட்டை யாரும் அளந்து கொடுக்கவில்லை, கொல்லைக்கு வடக்கு ஓரத்தில் குடிசை நின்ற இரண்டு சென்ட் மட்டும் மிஞ்சியது. மறுநாள் சனிக்கிழமை கூத்தையா கருவறைச் சுவருக்குக் குண்டைத் தொங்கவிட்டார். அது மூன்று விரற்கடை வடக்கே நின்றது.

முதலில் குண்டை மாற்றினார்கள். பிறகு நூலை. பிறகு கொத்தனாரை. தேவகோட்டையிலிருந்து வந்தவர் தன் குண்டைத் தொங்கவிட்டு, கண்ணைத் துடைத்துவிட்டு, மறுபடி தொங்கவிட்டு, சாப்பிட்டுவிட்டு வருகிறேன் என்று போனவர் இன்னும் வரவில்லை. கூத்தையா தன் குண்டை எடுத்துக்கொண்டு தொண்டியில் இரும்புக்கடை வைத்திருக்கும் பாக்கரிடம் போனார். அங்கே அது கம்பி போல நேராக நின்றது. பாக்கர் நாலு குண்டை அக்கம்பக்கம் தொங்கவிட்டு, நாலையும் ஒரு கண்ணை மூடிப் பார்த்தார்.

“குண்டுல கோளாறு இல்லண்ணே, அல்லாஹ் அறிய. ஒங்க ஊருலதான்” என்றார்.

இராமநாதபுரத்திலிருந்து ஒரு இன்ஜினியர் வந்தார். பூமிக்கு அடியில் இரும்பு இருக்கலாம் என்றார். பித்தளைக் குண்டும் சாய்கிறதே என்று கேட்டார்கள். பித்தளையும் இருக்கலாம் என்று சொல்லிவிட்டு நுங்கு சாப்பிட்டுப் போனார். ரசமட்டத்தின் குமிழியும் ஒரு பக்கமாக ஒதுங்கியது. அம்பலத்தின் மாடி வீட்டுக்கு டைல்ஸ் ஒட்ட வந்த வடக்கத்திப் பையன்கள் லேசர் கருவி வைத்திருந்தார்கள். அதன் சிவப்புக் கோடு சுவரில் பாதி தூரம் ஒழுங்காகப் போய், பிறகு வளைந்து, சன்னல் வழியாக வெளியேறி, ஆட்டுத் தடம் போலக் கண்மாய்க் கரைப் பக்கம் போயிற்று. கொல்லையைச் சுற்றி அம்பலம் எழுப்பிய மதிலைக் கண்மட்டத்தில் கட்டினார்கள். அது மூன்று முறை விழுந்தது. மூன்று முறையும் வடக்கே, வெள்ளையம்மாளின் இரண்டு சென்ட்டுக்குள். தன் இடத்தில் விழுந்த செங்கலைத் திருப்பிக் கேட்க அவளோடு பேச வேண்டும், பேசக் கூடாது. அதனால் அவள் அந்தச் செங்கலில் ஒரு கோழிக்கூடும் ஒரு குளியல் மறைப்பும் கட்டிக்கொண்டாள். அவள் கட்டியது நேராக நின்றது. அவளிடம் குண்டு கிடையாது.

கோயில் முழங்கால் உயரத்தில் நின்றுபோனது. தகரக் கொட்டாயில் இருந்த செம்புக்கு ஊர் பொங்கல் வைத்துக்கொண்டே இருந்தது. ஆடிப் பொங்கலில் நூற்றுப் பத்துப் பானையில் ஒன்றுகூடப் பொங்கி வழியவில்லை. பால் விளிம்பு வரை வந்து, யோசித்து, இறங்கிவிடும். மேளம் அடித்தால் பஞ்சு மூட்டையை அடித்தது போலச் சத்தம் வந்தது. இரண்டாம் வருஷம் மதுரையிலிருந்து பெரிய மேளம் கொண்டுவந்தார்கள். பெரிய பஞ்சு மூட்டை.

இரண்டாவது வருஷத்தில்தான் குண்டு திசையைக் காட்டவில்லை, ஆளைக் காட்டுகிறது என்று தெரிந்தது. செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு அது மெதுவாகக் கிழக்கே திரும்பும். மாலை நாலு மணிக்கு வடக்கே வந்துவிடும். வெள்ளையம்மாள் செவ்வாய்க்கிழமை தொண்டிக்குப் போய் வருகிறாள் என்பதோடு அதை ஒப்பிட்டுப் பார்த்தார்கள், சரியாக இருந்தது. பிறகு அது பழகிவிட்டது. செவ்வாய்க்கிழமை மாலை பஸ் வருகிறதா என்று பார்க்க ரோட்டுக்கு ஓடாமல் டீக்கடைக்காரர் கதவில் ஒரு குண்டைத் தொங்கவிட்டிருந்தார். அவள் கருவேலங்காட்டுக்குப் போனால் மேற்கே, கண்மாயில் இறங்கினால் சற்றுக் கீழே என்று ஊர் முழுக்க அவள் இருக்கும் இடம் எப்போதும் தெரிந்திருந்தது. அந்த ஊரில் யார் எங்கே இருக்கிறார் என்று அவ்வளவு துல்லியமாகத் தெரிந்தது அவளைப் பற்றி மட்டும்தான். அவளுக்கு இது தெரியாது. சொல்ல வேண்டுமானால் அவளோடு பேச வேண்டுமே.

அவள் தொண்டிக்குப் போனதற்குக் காரணம் ஒன்றும் பெரிதில்லை. ஊர்க் கடையில் சாமானை எடுத்து முன்னால் வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். கரிமூட்டத்தில் அவள் பங்கு வேலையை ஒரு கோடு கிழித்துக் காட்டுவார்கள். பஸ் கண்டக்டர் வெளியூர்க்காரர். அவருக்கு ஊர்க் கட்டு தெரியாது. பக்கத்தில் வந்து, “எங்கம்மா போகணும்?” என்று கேட்பார். தொண்டி என்று சொல்வாள். தொண்டியில் இறங்கிக் கடற்கரை வரை நடந்து, வத்தையிலிருந்து மீன் இறக்குவதைப் பார்த்துவிட்டு, அடுத்த பஸ்ஸில் ஏறுவாள். அதிலும் ஒருவர் கேட்பார். போக ஒரு கேள்வி, வர ஒரு கேள்வி. பெண்களுக்கு டிக்கெட்டுக்குக் காசு வேண்டாம் என்று அரசாங்கம் அறிவித்த பிறகும் கண்டக்டர்கள் கேட்பதை நிறுத்தவில்லை. நிறுத்திவிடுவார்களோ என்று அவள் ஒரு வாரம் பயந்ததுண்டு. குடிசையில் கோழிகளோடு பேசிப் பார்த்தாள். கோழிகள் பதில் சொல்வதில் குறை வைக்கவில்லை; ஆனால் அவை ஒன்றும் கேட்பதில்லை.

கூத்தையாவுக்கும் வேலை இல்லாமல் போனது. 2019இல் பாம்பன் பாலத்தைத் தாண்டித் தங்கச்சிமடத்தில் ஒரு விசைப்படகுக்காரர் வீட்டு வேலைக்குப் போய், அங்கேயே தங்கிவிட்டார். அங்கே குண்டு நேராக நின்றது. கடலோரத்தில் வலை போட்டு வைக்கும் ஒரு கொட்டகையில் படுத்துக்கொண்டார். அலைச் சத்தத்தில் தூக்கம் வராத ஆள் அவர். கண்மாய்க்காரர்களுக்குத் தண்ணீர் சும்மா இருந்தால்தான் பிடிக்கும். ஊர்ச் செய்தி கேட்கப் போன் பண்ணினால் மழை உண்டா, மிளகாய் என்ன விலை, குண்டு எத்தனை விரற்கடை என்று மூன்றையும் ஒரே குரலில் கேட்பார். குண்டு மூன்றிலேயே நின்றது.

அங்கே போன நாலாவது வருஷம் கல்லறைத் தோட்டத்து மதிலைத் திருத்திக் கட்டும் வேலை வந்தது. மேற்பார்த்தவர் சந்தியாகு என்ற வயதான உபதேசியார். கூத்தையா குண்டைத் தொங்கவிட்டதைப் பார்த்ததும் அவருக்கு ஒரு பழைய விஷயம் ஞாபகம் வந்தது. வெகுகாலத்துக்கு முன் யூத நாட்டில் ஆடு மேய்த்து, அத்தி மரம் பார்த்துப் பிழைத்த ஒரு ஆள் இருந்தாராம். ஆண்டவர் ஒரு மதில் மேல் கையில் தூக்குநூலோடு நிற்பதை அவர் கண்டாராம். ஏழையை ஒரு ஜோடிச் செருப்புக்கு விற்கிற ஊரில் எனக்குத் திருவிழாவும் வேண்டாம், பாட்டும் வேண்டாம், மேளத்தை நிறுத்துங்கள், எனக்கு வேண்டியது நியாயம் என்று ஆண்டவர் சொல்லச் சொன்னாராம். அந்த ஆள் கோயிலுக்கே போய் உரக்கச் சொன்னாராம். உபதேசியார் அவர் பெயரையும் சொன்னார். கூத்தையா அதை மறந்துவிட்டார். ஆனால் தொழில் சம்பந்தப்பட்டதெல்லாம் கேட்டுக்கொண்டார்.

“நூல ஆண்டவரே பிடிச்சிருந்தாரா, ஆள் வச்சிருந்தாரா?”

“அவரேதான்.”

“குண்டு சாஞ்சு நின்னுச்சா?”

“குண்டு சாயுமாய்யா? சாஞ்சது மதிலு.”

கூத்தையா கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். அந்த மதில் என்ன ஆனது என்று கேட்டார். இடிந்துவிட்டது, ஊரும் சேர்ந்து போய்விட்டது என்றார் உபதேசியார்.

“சொன்ன ஆளு?”

“வேற எங்கிட்டாவது போயிப் பிழைச்சுக்கன்னு கோயில்காரக வெரட்டிட்டாக.”

அன்று சாயங்காலம் கூத்தையா கொட்டகைக் கூரை வளையில் தன் குண்டைத் தொங்கவிட்டார். அது கடலைத் தாண்டி வடமேற்கே, கொன்றையேந்தல் இருக்கிற பக்கம், மூன்று விரற்கடை சாய்ந்தது. அவருக்கு ஆச்சரியம் இல்லை. ஏழு வருஷமாக ஊர் சாய்ந்து நின்றிருக்கிறது, குண்டு மட்டும்தான் நேராக இருந்தது என்று அவருக்குப் புரிந்துவிட்டது. இனி எந்த ஊரிலும் தன்னால் ஒரு சுவர் எழுப்ப முடியாது என்பதும் புரிந்தது. மதிலை வேறு ஆளிடம் ஒப்படைத்துவிட்டு மறுநாள் பஸ் ஏறினார். அது 2023 ஆடி.

வெள்ளையம்மாள் வாசலில் பழைய மிளகாய் வற்றலைக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள். கூத்தையா படலுக்கு வெளியே நின்று, “மதினி” என்று கூப்பிட்டார். மூக்கையா அவருக்கு அண்ணன் முறை. அவள் திரும்பித் தனக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று பார்த்தாள். யாரும் இல்லை. மறுபடி கூப்பிட்டார். அவள் எழுந்து நின்றாள். வாயைத் திறந்தபோது சத்தம் வரவில்லை, தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

“ஒனக்கு ஊர்க் கட்டு தெரியாதாலே?”

தெரியும் என்று சொல்லி அவர் உள்ளே வந்தார். ஒன்றும் விளக்காமல் பையிலிருந்து குண்டை எடுத்து, கூரை வாரையில் ஆணி அடித்துத் தொங்கவிட்டார். அது அவள் பக்கம் சாய்ந்தது. அவள் இடப்பக்கம் நகர்ந்தாள். குண்டு கூடவே வந்தது. கோழிக்கூட்டுக்குப் பின்னால் போய் நின்றாள், அங்கே திரும்பியது. குளியல் மறைப்புக்குள் போய் மறைந்துகொண்டு, “இப்ப?” என்று கேட்டாள். இப்பவும்தான் என்றார். அவள் வெளியே வந்து உட்கார்ந்துகொண்டாள். குண்டு நூலோடு கொஞ்சம் தணிந்தது போல இருந்தது.

“எப்பருந்து?”

“நான் சூடத்த அணைச்ச மறுநாள்ல இருந்து. ஏழு வருசமா.”

“ஊருக்குத் தெரியுமா?”

“எல்லாருக்கும் தெரியும் மதினி. டீக்கடையிலகூடத் தொங்குது.”

“ஒருத்தருமா எங்கிட்டச் சொல்லல?”

“ஒங்ககிட்டப் பேசக் கூடாதுல்ல.”

அவள் இதை யோசித்துப் பார்த்தாள். சிரிப்பு மாதிரி ஒன்று வந்து பாதியில் நின்றது. பொங்கல் பானையில் பால் வந்து இறங்குமே, அது மாதிரி. கூத்தையா தான் சொன்னது பொய் என்று சொன்னார்.

“அது எனக்குத் தெரியும்லே. தெரியாததச் சொல்லு.”

அவர் சொன்னார். அன்றைக்கு அம்பலம் கிணற்றடியில் வந்து கேட்டபோது மூக்கையா மாற்று நிலமும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்றார். தனக்கு இருமல் அதிகமாகிவிட்டது, பிள்ளை இல்லை, நாளைக்கு அவள் தனியாகக் கிடப்பாள்; ஒரு குடம் தண்ணீருக்காக அவள் எவன் வாசலிலும் போய் நிற்கக் கூடாது, அந்தக் கிணறு அவளுக்கு என்றார். அம்பலம் போன பிறகும் அதையே இன்னொரு தரம் சொன்னார். வெள்ளையம்மாள் கிள்ளிய காம்புகளைக் கையால் ஒதுக்கி, ஒதுக்கியதையே மறுபடி ஒதுக்கினாள். ஏழு வருஷமாக அவள் உப்புத் தண்ணீர்தான் குடித்திருந்தாள். நல்ல தண்ணீர் என்று அவள் நினைத்திருந்தது முப்பதடி தூரத்தில், மதில் விழாத நேரங்களில் மதிலுக்கு அந்தப் பக்கம் இருந்தது.

“அந்த மனுசன் எங்கிட்ட இதச் சொல்லவே இல்லையே” என்றாள்.

அமாவாசையன்று ஊர்க் கூட்டம் சமுதாயக் கூடத்தில் கூடியது. கூத்தையா மின்விசிறி மாட்டாத ஒரு கொக்கியில் குண்டைத் தொங்கவிட்டார். கோயிலில் சாமி இல்லாததால் சாமி இருக்கிற இடத்தில் சத்தியத்தைத் திருப்பிக்கொள்வதாகச் சொல்லி, குண்டுக்கு நேர் கீழே சூடத்தை ஏற்றினார். நேர் கீழே என்றால் மூன்று விரற்கடை தள்ளி. மூக்கையா சொன்னதைச் சொன்ன மாதிரியே சொல்லி, கையால் அடித்து அணைத்தார். இந்தத் தடவை சுட்டது. உள்ளங்கையில் எட்டணா அளவு கொப்புளம் கண்டது. குண்டு ஒரு விரற்கடை திரும்பி வந்து நின்றது.

காற்று என்று அம்பலம் சொன்னார். விசிறிகளை நிறுத்தி, சன்னல்களைச் சாத்தினார்கள். நூறு பேரும் வேர்த்து ஒழுக உட்கார்ந்து பார்த்தார்கள். குண்டு அசையவில்லை. அம்பலம் மீசையைத் தடவினார், செல்போனை எடுத்துப் பார்த்தார், வைத்தார். கடைசியில் பூசாரிதான், சாப்பாட்டுக்கு இலை போதுமா என்று கேட்கிற குரலில், “அம்பலம், இன்னும் ரெண்டு வெரல் இருக்கு” என்றார்.

அம்பலம் காளிராஜ் நடைமுறை தெரிந்தவர். தென்னை நூறில் எண்பது ஏற்கெனவே பட்டுப்போயிருந்தது. அந்தக் கிணறு அவர் கைக்கு வந்த மூன்றாம் மாதமே உப்பாகிவிட்டதை அவர் வீட்டாருக்குக்கூடச் சொல்லவில்லை. மகளுக்கு மாப்பிள்ளை பார்க்க வருகிறவர்களெல்லாம் சாய்ந்த மாடியை அண்ணாந்து பார்த்துவிட்டுக் காப்பி மட்டும் குடித்துவிட்டுப் போனார்கள். புரட்டாசி பிறப்பதற்குள் கொல்லையும் கிணறும் வெள்ளையம்மாள் பெயரில் பத்திரமாகவே எழுதப்பட்டன. அவள் முதல் வாளி இறைத்துக் குடித்துப் பார்த்தாள். இனித்தது. டீக்கடையில் குண்டு ஒரு விரற்கடைக்கு வந்தது.

மிச்சம் ஒரு விரற்கடைக்கு ஊர் என்னென்னவோ செய்து பார்த்தது. ஊர்க் கட்டை நீக்கினார்கள். ஏழு வருஷப் பேச்சையும் ஒரே வாரத்தில் பேசிவிட வேண்டும் என்பது போல வரிசையில் வந்து பேசினார்கள். வெள்ளையம்மாளுக்கு அவ்வளவு சத்தம் ஒத்துக்கொள்ளாமல் இரண்டு நாள் காய்ச்சல் வந்தது. அம்பலம் வந்து மன்னிப்புக் கேட்டார். மன்னித்தேன் என்று அவளும் சொன்னாள். மனதாரச் சொன்னாள் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். குண்டு அசையவில்லை. மறுபடி சொல்லச் சொன்னார்கள். சொன்னாள். அப்படியே நின்றது. கூத்தையா ஒரு வாரம் விரதம் இருந்து பார்த்துவிட்டு, கடைசியில் அவளிடமே போய்க் கேட்டார்.

“கெணத்த எடுத்தாக, குடுத்தாக. பொய்யச் சொன்ன, திருப்பிக்கிட்ட. அந்த ஏழு வருசத்த எவன்லே திருப்பிக் குடுக்கிறது? அது கெடந்துட்டுப் போகுது, விடு” என்றாள்.

விட்டுவிட்டார்கள். 2024 தை மாதம் கோயில் வேலை மறுபடி தொடங்கியது. வைகாசியில் குடமுழுக்கு நடந்தது. செம்பிலிருந்து சிலைக்குப் புது நூல் கட்ட ஐயர் ஆயத்தமானபோது பூசாரி தடுத்து, கூத்தையாவின் நூலையே கட்டச் சொன்னார். அன்று நூற்றுப் பத்துப் பானையும் பொங்கின. வெள்ளையம்மாள் பானையைச் சேர்த்து நூற்றுப் பதினொன்று. மேளச் சத்தத்தில் தகரக் கொட்டாயின் ஆணி இரண்டு தெறித்தது. முனி சிலைக்குள் இறங்கிவிட்டார் என்றும், ஒரு கையை மட்டும் நூலிலேயே வைத்திருக்கிறார் என்றும் பூசாரி சொல்கிறார். இருக்கலாம்.

வேலைக்கு ஒரு விரற்கடை பெரிய இடைஞ்சல் இல்லை. அதைக் கழித்துக்கொண்டால் சுவர் நேராக வரும். ஆனால் எந்தப் பக்கம் கழிப்பது என்று தெரிய வேண்டுமானால் வெள்ளையம்மாள் அன்றைக்கு எங்கே இருப்பாள் என்று தெரிய வேண்டும். நடுவில் அவள் இடம் மாறினால் சுவர் முறுக்கிக்கொள்ளும். ஒரு தண்ணீர்த் தொட்டி அப்படி முறுக்கிக்கொண்டு ரேஷன் கடைக்குப் பின்னால் இன்னும் நிற்கிறது. அதனால் கொன்றையேந்தலில் வேலை நடக்கிற ஒவ்வொரு நாளும் காலையில் ஒரு கொத்தனார் அவள் படலுக்கு வெளியே நின்று, “மதினி, இன்னைக்கு எங்கன இருப்பீக?” என்று கேட்கிறார். வெளியூர்க் கொத்தனார்கள் அம்மா என்று கூப்பிட்டுக் கேட்கிறார்கள். கிணற்றடியில் என்பாள், மிளகாய்க்குத் தண்ணீர் கட்டப்போகிறேன் என்பாள். சில நாள் பதிலை யோசித்து வைத்துக்கொண்டு விடிவதற்கு முன்பே எழுந்து உட்கார்ந்திருப்பாள். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் இது ஏன் என்று கேட்டால், இந்த ஊரில் அப்படித்தான் என்று சொல்லிக் கரண்டியைக் கையில் கொடுத்துவிடுகிறார்கள்.

செவ்வாய்க்கிழமை அவள் இப்போதும் தொண்டிக்குப் போகிறாள். அந்தக் கண்டக்டர் கேட்பார், பதில் சொல்ல ஆள் வேண்டுமே என்கிறாள். எனவே செவ்வாய்க்கிழமைகளில் கொன்றையேந்தலில் கொத்து வேலை கிடையாது.